ரைபிள் ரவைக்கு பவுடர் அளவு ஏத்தறது எப்படி: அரை க்ரெய்ன் அரை க்ரெய்னா ஒரு முழு வழிகாட்டி

ரவைன்னதும் உப்புமா ஞாபகம் வந்தா நீங்க வேற பக்கம் போயிடுங்க, இது துப்பாக்கி ரவை. ஆஸ்திரேலியா விக்டோரியால கிப்ஸ்லேண்ட் பக்கம் 22 வருஷம் பிட்டரா வேலை செஞ்சிட்டு இப்ப மலேசியால சொந்த ஊரு சுங்கை சிப்புட்டுக்கே வந்து உக்காந்துட்டேன். அங்க லைசென்ஸ் எடுத்து, கிளப்புல சேந்து, கையாலயே ரவை செஞ்சு (அதத்தான் லோட் பண்றதும்பாங்க) டார்கெட்டும் சுட்டிருக்கேன், மலையேறி கடமானும் சுட்டிருக்கேன். இப்ப என் அக்கா மகன் மெல்பர்ன்ல அதே வழியில இறங்கிட்டான், வாரத்துக்கு ரெண்டு தடவை வீடியோ கால் போட்டு மாமா இது எப்படி மாமா அது எப்படின்னு கேக்கறான், அவனுக்கு சொன்னதெல்லாம் சேத்து ஒரே இடத்துல எழுதிட்டா அவன மாதிரி வெளிநாட்டுல இருக்கற நம்ம பிள்ளைங்களுக்கும் உதவும்னு உக்காந்தேன்.

மொதல்ல சட்டம். மலேசியால இருக்கற யாரும் இத படிச்சிட்டு வீட்ல செஞ்சு பாக்கலாம்னு நினைக்காதீங்க. இங்க 1960 ஆயுதச் சட்டப்படி அனுமதி இல்லாம ரவை செய்யறது குற்றம், 1971ல வந்த துப்பாக்கிச் சட்டம் அதுக்கு மேல ரொம்ப கடுமை. அதுக்கு காரணம் எங்க ஊருக்காரங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல, 1948 ஜூன் 16ல எல்பில் எஸ்டேட்லயும் பக்கத்து எஸ்டேட்லயும் மூணு வெள்ளைக்கார துரைங்கள கம்யூனிஸ்டுங்க சுட்டு, அதோட எமர்ஜென்சி வந்துச்சே, அது இதே சுங்கை சிப்புட்தான். அதனால இங்க என்கிட்ட ஒரு பவுடர் டின்னும் இல்ல, ஒரு காலி கேஸும் இல்ல. இருக்கறது நோட்டு மட்டும்தான். ஆறு 555 நோட்டு, ஆமா, கடைல கடன் எழுதற அதே குட்டி நோட்டு, ஊருக்கு வர்றப்ப டஜன் கணக்குல வாங்கிட்டுப் போவேன். இந்த வழிகாட்டி முழுக்க அதுல இருந்துதான். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா மாதிரி லைசென்ஸோட செய்யலாம்னு சட்டம் விடற ஊர்ல இருக்கறவங்க மேல படிங்க.

உள்ள என்ன நடக்குது

ஒரு ரவைல நாலே சாமான். பித்தளை கேஸ், அடில ப்ரைமர், உள்ள பவுடர், மேல புல்லட். ஊசி ப்ரைமர குத்துது, ப்ரைமர் பவுடர பத்த வைக்குது, பவுடர் எரிஞ்சு வாயுவா மாறி புல்லட்ட தள்ளுது. இந்தப் பவுடர் வெடிக்கறதுக்குன்னு செஞ்சது இல்ல, எரியறதுக்குன்னு செஞ்சது, அதுவும் ஒரு கணக்கான வேகத்துல. 308 வின்செஸ்டர்னு ஒரு சைஸ் இருக்கே, அதுக்கு அமெரிக்காக்காரன் வச்சிருக்கற உச்ச ப்ரஷர் 62,000 பிஎஸ்ஐ, அதாவது ஒரு சதுர இஞ்சுக்கு அத்தனை பவுண்டு. வீட்ல இட்லிக்கு பருப்பு வேக வைக்கற குக்கர் விசில் அடிக்கறப்ப ஏறக்குறைய 15 பிஎஸ்ஐ. அப்ப கணக்கு போட்டு பாத்துக்குங்க, நாலாயிரம் குக்கர் உங்க கன்னத்துக்குப் பக்கத்துல.

இதுல பெரிய சங்கதி என்னன்னா பவுடர் ஏத்தறப்ப ப்ரஷர் அதே அளவுல ஏறாது. பவுடர் கொஞ்சம் ஏறினா வேகம் கொஞ்சம் ஏறும், ஆனா ப்ரஷர் அதைவிட ரெண்டு மூணு மடங்கு எகிறும். கீழ இருக்கறப்ப அரை க்ரெய்ன் (க்ரெய்ன்னா பவுடர் நிறுக்கற குட்டி எடை) ஒண்ணுமே இல்ல, மேல போகப் போக அதே அரை க்ரெய்ன் வேற ஆளு. அதனாலதான் கீழ இருந்து ஏறணும்னு சொல்றது, மேல இருந்து இறங்கறது கிடையாது. மருமகன் மொத நாளே கேட்டான், "மாமா, புத்தகத்துலதான் மேக்ஸ் போட்டிருக்கானே, நேரா அதையே போட்டா என்ன?" அந்த மேக்ஸ், அதாவது உச்ச பவுடர் அளவு, அவன் டெஸ்ட் பேரல்ல வந்த மேக்ஸ்டா மாப்ளே, உன் பேரல்ல இல்ல. ஒன்னோட சேம்பர், ரவை போயி உக்கார்ற இடம், கொஞ்சம் டைட்டா இருக்கலாம், ஒன்னோட கேஸ் கொஞ்சம் தடிப்பா இருக்கலாம், அங்க சரியா இருந்தது இங்க எல்லை தாண்டிடும்.

புத்தகம்தான் முதலாளி

லோட் அளவு எங்க இருந்து எடுக்கறது? பவுடர் கம்பெனி, புல்லட் கம்பெனி ரெண்டு பேரும் டேட்டா வெளியிடறாங்க. ஹாட்ஜ்டன், ஏடிஐ ரெண்டும் இன்டர்நெட்லயே இலவசமா போட்டு வச்சிருக்கான். ஹோர்னடி, சியரா, லைமன் மாதிரி ஆளுங்க புத்தகமா போடறாங்க. எப்பவும் ரெண்டு இடத்துல பாருங்க, ரெண்டும் ஒத்துப் போகலன்னா குறைஞ்சத எடுங்க. ரேஞ்சுல பக்கத்து பெஞ்சுக்காரர் நல்ல மனுஷனா இருப்பாரு, "நான் இவ்ளோ போடறேன், ஒண்ணும் ஆகல"ம்பாரு, சிரிச்சிட்டு தேங்க்ஸ் சொல்லிட்டு வந்துடுங்க. அது அவரு ரைபிளுக்கு ஒண்ணும் ஆகல.

பேர்ல கவனம், இது ரொம்ப முக்கியம். 4895ன்னு நம்பர் இருக்கு, ஹாட்ஜ்டன் எச் 4895னு ஒண்ணு, ஐஎம்ஆர் 4895னு ஒண்ணு, நம்பர் ஒண்ணுதான் ஆனா பவுடர் வேற, டேட்டா வேற. 4831க்கும் இதே கதை. இன்னொரு பக்கம் பாத்தா பேரு வேற பவுடர் ஒண்ணு: நியூ சவுத் வேல்ஸ் முல்வாலால செய்யற ஏஆர் 2208தான் அமெரிக்கால வார்கெட்டுன்னு விக்கறான், ஏஆர் 2206எச்தான் அங்க எச் 4895. 2206எச்சும் 2206ம் ஒண்ணுன்னு நினைச்சுடாதீங்க, அந்த ஒரு எழுத்துக்கு அர்த்தம் இருக்கு. டின் மேல இருக்கற பேர எழுத்து எழுத்தா புத்தகத்தோட வச்சு வாசிங்க, வாய் விட்டே வாசிங்க.

அப்புறம் புல்லட். எடை ஒண்ணா இருந்தா போதாது. முழு செம்புல செஞ்ச புல்லட் ஈயத்த விட லேசு, அதனால அதே எடைக்கு நீளமா இருக்கும், கேஸுக்குள்ள இடத்த புடிக்கும், ஈயப் புல்லட்டுக்கு போட்ட டேட்டாவ அதுக்கு போடக்கூடாது. ப்ரைமர்லயும் சாதாரணம், மேக்னம்னு இருக்கு, மேக்னம் சூடா அடிக்கும், புத்தகம் எத சொல்லுதோ அதையே போடுங்க. ராணுவ கேஸ் ரேஞ்சுல சும்மா கெடக்குதுன்னு பொறுக்கிட்டு வர்றவங்க நிறைய பேரு, அது பல சமயம் தடிப்பா இருக்கும், தடிப்பா இருந்தா உள்ள இடம் கம்மி, இடம் கம்மின்னா அதே பவுடருக்கு ப்ரஷர் ஜாஸ்தி. நான் அந்த கேஸ கலக்கவே மாட்டேன், ஒரே கம்பெனி, ஒரே பை.

மேசை, தராசு

எங்க அப்பா தோட்டத்துல பால் ஸ்டோர்ல வேலை செஞ்சாரு. பால்மரத்துல இருந்து வர்ற பால நிறுத்து, மெட்ரோலேக்க உள்ள விட்டு கெட்டி பாத்து, அதுக்குத் தகுந்த மாதிரி தண்ணி ஊத்தி பாமிக் ஆசிட் கலக்கணும். ஆசிட் கூடிப்போனா ஷீட்டு கெட்டுப்போகும், கம்மியானா உறையாது. ஒவ்வொரு நாளும் காலைல முதல் வாளி வர்றதுக்கு முன்னாடி தராசுல ஒரு இரும்பு எடக்கல்ல வச்சு பாப்பாரு, முள்ளு சரியான கோட்டுல நிக்குதான்னு. ஒரு நாளும் விட்டதில்ல. அந்தப் பழக்கம்தான் எனக்கு இதுல சோறு போட்டுச்சு.

பவுடர் தராசு க்ரெய்ன்ல அளக்கும். ஒரு பவுண்டுக்கு 7,000 க்ரெய்ன், ஒரு கிராமுக்கு 15.43. டிஜிட்டல் தராசு வாங்கினா அதோட ஒரு குட்டி எடக்கல்லும் தருவான், அத தூக்கி டிராயர்ல போட்டுடாதீங்க. சுவிட்ச் போட்டு ஒரு அரை மணி நேரம் சூடாக விடுங்க, கல்ல வச்சு பாருங்க, அப்புறம் ஒவ்வொரு பத்து ரவைக்கும் மறுபடி வச்சு பாருங்க. பேன் காத்து, ஏர்கோன் காத்து, பக்கத்துல வச்ச கைபோன், எல்லாமே நம்பர ஆட வைக்கும். மருமகன் ஒரு தடவை ஸ்கிரீன எனக்கு காட்டறான், 2.8ன்னு நிக்குது, "மாமா தராசு பழுதாயிடுச்சு"ங்கறான். பழுதும் இல்ல ஒண்ணும் இல்ல, பட்டன் தெரியாம அமுங்கி கிராமுக்கு மாறிடுச்சு, 2.8 கிராம்னா அவன் போட நினைச்ச 43.2 க்ரெய்ன்தான். அவன் அத பாத்து நின்னான் நல்லதா போச்சு, சில பேரு நம்பர் கம்மியா இருக்கேன்னு மேல மேல கொட்டிக்கிட்டே இருப்பாங்க. வசதி இருந்தா பழைய பீம் தராசு ஒண்ணும் வாங்கி வச்சுக்குங்க, டிஜிட்டல் பொய் சொல்லுதான்னு பாக்க சாட்சி வேணும்ல.

மேசை மேல ஒரு நேரத்துல ஒரே ஒரு பவுடர் டின். ரெண்டாவது டின் அறையிலயே வெளிய இருக்கக்கூடாது, அலமாரிக்குள்ள. பிஸ்டல் பவுடர் ரொம்ப வேகமா எரியும், அது தப்பித் தவறி ரைபிள் கேஸ்ல போச்சுன்னா ரைபிளே சிதறும், கையும் போகும், கண்ணும் போகும். வேலை முடிஞ்சதும் மிச்சப் பவுடர அதே டின்லயே ஊத்தி மூடுங்க, பவுடர் கொட்டற கருவியோட தொட்டில (ஹாப்பர்) விட்டுட்டு போயிட்டு அடுத்த வாரம் வந்து இது எது அதுன்னு யோசிக்கற நிலமை வந்துச்சுன்னா, யோசிக்கவே யோசிக்காதீங்க, அத பயன்படுத்தக் கூடாது. டின்ன திறந்தா மூக்க அரிக்கற நெடி வருது, சிவப்பா துரு மாதிரி தூசி தெரியுது, அப்ப அது கெட்டுப்போன பவுடர், அதையும் தொடாதீங்க. சிகரெட் வேணாம், போன் வேணாம், பீர் வேணவே வேணாம். கண்ணாடி போட்டுக்குங்க. முடிஞ்சதும் சோப்பு போட்டு கை கழுவுங்க, ப்ரைமர் கரில ஈயம் இருக்கு, அந்தக் கையோட போயி கொரிப்பு பாக்கெட்ல விடக்கூடாது.

கேஸ தயார் பண்றது

இத வேகமா சொல்லிட்டு போறேன், ஏன்னா ப்ரெஸ்ஸோட, அதாவது கேஸ அழுத்தி ரவை செய்யற கருவியோட, வர்ற தாள்லயே இதெல்லாம் இருக்கு. கேஸ துடைச்சு, ஒவ்வொண்ணா வெளிச்சத்துல திருப்பிப் பாருங்க, கழுத்துல கீறல் இருந்தா தூக்கிப் போடுங்க. ஒரு பேப்பர் கிளிப்ப நிமித்தி முனைய கொஞ்சம் மடக்கி உள்ள விட்டு, அடில இருந்து ஒரு செண்டிமீட்டர் மேல சுவர தடவிப் பாருங்க, பள்ளம் மாதிரி தட்டுப்பட்டா அந்த கேஸ் அங்க ரெண்டா பிரியப் போகுதுன்னு அர்த்தம். அப்புறம் லூப்னு சொல்ற வழுக்கற பசைய தடவி, ப்ரெஸ்ல அழுத்தி பழைய சைஸுக்கு கொண்டு வந்து, நீளத்த அளங்க. 308க்கு உச்சம் 2.015 இஞ்ச், தாண்டினா 2.005க்கு வெட்டிடுங்க. இது அழகுக்கு இல்ல, நீளமான கேஸ் சேம்பர் முனைல இடிச்சு புல்லட்ட இறுக்கிப் புடிச்சுக்கும், ப்ரஷர் தாறுமாறா ஏறும். ப்ரைமர் கேஸ் அடிய விட மயிரிழை உள்ள இருக்கணும், விரலால தடவினா தெரிஞ்சிடும். ப்ரைமர் லேசா சொத்துன்னு உக்காந்துச்சுன்னா அந்த கேஸோட ப்ரைமர் குழி விரிஞ்சிடுச்சு, அதுக்கு ஓய்வு குடுத்துடுங்க.

ஏணி கட்டறது

இதுக்குத்தான் இவ்ளோ நேரம். புத்தகத்துல ஸ்டார்ட்னு ஒரு அளவு, மேக்ஸ்னு ஒரு அளவு இருக்கும். மேக்ஸ் மட்டும் போட்டிருந்தா அதுல பத்து சதவீதம் கழிச்சிட்டு அங்க ஆரம்பிங்க. ஒரு உதாரணம் சொல்றேன், இது கணக்குக்காக நான் சும்மா எடுத்த நம்பர், எந்தப் பவுடருக்கும் இது டேட்டா இல்ல, யாரும் இத எடுத்துட்டுப் போயி போட்டுடாதீங்க: ஸ்டார்ட் 40, மேக்ஸ் 44னு வச்சுக்குவோம். ஒரு படிக்கு எவ்ளோ ஏத்தறது? மொத்த அளவுல ஏறக்குறைய ஒரு சதவீதம். 308 சைஸ் கேஸுக்கு 0.4ல இருந்து 0.5 க்ரெய்ன் சரியா வரும், 223 மாதிரி சின்ன கேஸுக்கு 0.2, 0.3க்கு மேல போகாதீங்க. அப்ப 40, 40.5, 41, 41.5ன்னு போகும், 43 தாண்டினதும் நான் படிய பாதியாக்கிடுவேன், 0.2, 0.3. மேல போகப் போக மெதுவா, மாடிப்படில வயசானவங்க ஏறற மாதிரி.

மொத சுத்துல ஒரு படிக்கு ஒரே ஒரு ரவை. இது குறி பாக்கறதுக்கு இல்ல, ப்ரஷர் எங்க தலை தூக்குதுன்னு பாக்கறதுக்கு. பத்து ரவைல ஏணி முடிஞ்சிடும். குறி பாக்கற வேலை ரெண்டாவது சுத்துல.

கீழயும் ஒரு எல்லை இருக்குங்கறத மறக்காதீங்க. ஸ்டார்ட்ட விட கம்மியா போட்டா இன்னும் பாதுகாப்புன்னு நினைப்பீங்க, மெதுவா எரியற பவுடர்ல அது தலைகீழ். பெரிய கேஸ்ல அந்தப் பவுடர் கொஞ்சமா கெடந்தா பத்தற விதமே மாறிப்போயி ப்ரஷர் திடீர்னு குதிச்சு ரைபிள் உடைஞ்ச சம்பவங்க நடந்திருக்கு. லேசான லோட் வேணும்னா அதுக்குன்னு டேட்டா இருக்கற பவுடரா பாத்து எடுங்க, எச் 4895க்கு ஹாட்ஜ்டனே மேக்ஸ்ல 60 சதவீதம் வரைக்கும் இறங்கலாம்னு சொல்றான், அது அந்த எச் போட்ட பவுடருக்கு மட்டும்.

கொட்டறப்ப நான் செய்யற முறை: எல்லா காலி கேஸும் பிளாக்ல (கேஸ நிக்க வைக்கற குழி போட்ட கட்டை) வாய் கீழ பாத்து நிக்கும். ஒண்ண எடுத்து, தராசுல நிறுத்த பவுடர புனல் வழியா ஊத்தி, வாய் மேல பாக்கற மாதிரி இன்னொரு பிளாக்ல வைப்பேன். ஆக நிமிந்து நிக்கறதெல்லாம் நிரம்பினது, கவுந்து நிக்கறதெல்லாம் காலி, நடுவுல பொண்டாட்டி கூப்பிட்டாலும் திரும்பி வந்து குழம்ப வேண்டியதில்ல. எல்லாம் முடிஞ்சப்புறம் டார்ச் லைட்ட மேல புடிச்சு பிளாக் முழுக்க பாருங்க, பவுடர் மட்டம் எல்லாத்துலயும் ஒண்ணு போல இருக்கணும், ஒண்ணு மேடா தெரிஞ்சாலோ பள்ளமா தெரிஞ்சாலோ கொட்டிட்டு மறுபடி நிறுங்க. சந்தேகம் வந்தா மொத்தமும் கொட்டிடுங்க, பவுடர் எங்கயும் போகாது.

புல்லட்ட புத்தகம் சொன்ன மொத்த நீளத்துக்கு அழுத்துங்க. 308க்கு உச்சம் 2.810 இஞ்ச். பேரல் உள்ள ரைபிளிங், அதாவது புல்லட்ட சுழல வைக்கற வரி, ஆரம்பிக்கற இடத்த புல்லட் தொட்டுக்கிட்டு நிக்கற மாதிரி வச்சா குறி நல்லா வரும்னு சொல்வாங்க, வரலாம், ஆனா ப்ரஷர் ஏறும், அத ஆரம்பத்துல செய்யாதீங்க. ரவை மேலயே மார்க்கர்ல அளவ எழுதுங்க, டப்பால மட்டும் எழுதினா டப்பா கவுந்தா போச்சு.

ரேஞ்சுல

குறைஞ்சதுல ஆரம்பிச்சு ஒண்ணொண்ணா. சுட்டதும் அடுத்தத எடுக்கக்கூடாது, மொதல்ல காலி கேஸ கைல எடுத்துப் பாருங்க. என்ன பாக்கறது?

போல்ட், அதாவது ரவைக்குப் பின்னால சேம்பர மூடற கைப்பிடி வச்ச இரும்பு, தூக்கறப்ப எப்படி இருக்கு, இதுதான் எனக்கு மொத சாட்சி. காலி ரைபிள்ல தூக்கற மாதிரி லேசா இருக்கணும். கொஞ்சம் புடிச்சாலும், ஒட்டினாலும், நிறுத்துங்க. அடுத்து ப்ரைமர். புதுசுல அதோட ஓரம் உருண்டையா இருக்கும், ப்ரஷர் ஏறினா தட்டையாகி குழிய முழுக்க அடைச்சுக்கிட்டு தோசை மாதிரி ஆயிடும், ஊசி குத்தின இடத்த சுத்தி எரிமலை வாய் மாதிரி மேடு வரும், இல்ல ஓட்டையே விழுந்துடும். ஆனா சில ரைபிள்ல ஊசி ஓட்டை பெருசா இருந்தா சாதா லோட்லயே மேடு வரும், அதனால இத தனியா வச்சு முடிவு பண்ண முடியாது. அடுத்து கேஸ் அடி. போல்ட் முகத்துல எஜெக்டர் (காலி கேஸ வெளிய தள்ளறது) ஓட்டை இருக்குல்ல, பித்தளை அதுக்குள்ள பிதுங்கினா கேஸ் அடில எழுத்துக்கு மேல பளபளன்னு ஒரு வட்டம் தெரியும். அது தெரிஞ்சா நீங்க ஏற்கனவே எல்லை தாண்டியாச்சு.

இங்க ஒரு விஷயத்த ஒளிக்காம சொல்லிடணும், இந்த அடையாளமெல்லாம் தாமதமா வர்ற அடையாளம். அது வரலன்னா பாதுகாப்புன்னு அர்த்தம் இல்ல, கெட்டியான கேஸா இருந்தா 62,000 தாண்டி நிறைய தூரம் போனப்புறம்தான் முகம் காட்டும். அதனால குரோனோகிராப் இல்லாம இந்த வேலைக்கு இறங்காதீங்க, வேகம் அளக்கற கருவி, இப்ப கார்மின்ல உள்ளங்கை அளவுக்கே வந்துடுச்சு. வேகம் சும்மா வராது, ப்ரஷர்தான் வேகத்த குடுக்குது. புத்தகத்துல மேக்ஸ் லோடுக்கு என்ன வேகம் போட்டிருக்கானோ அது உங்களுக்கு மேக்ஸுக்கு ரெண்டு படி கீழயே வந்துடுச்சுன்னா, உங்க ரைபிள்ல மேக்ஸ் அங்கயே வந்துடுச்சு, மேல ஏற எடம் இல்ல. இதுல பேரல் நீளத்தையும் பாக்கணும், அவன் 24 இஞ்ச் பேரல்ல சுட்டிருப்பான், என்னோடது 22, 308ல ஒரு இஞ்சுக்கு நொடிக்கு சுமாரா 25 அடி வேகம் குறையும், அப்ப எனக்கு 50 கம்மியா வர்றதுதான் நியாயம். அந்த 50ஐ புடிக்கறேன்னு பவுடர ஏத்தினா மாட்டிக்குவீங்க.

எந்த அடையாளம் வந்தாலும் அன்னைக்கு ஏணி அதோட முடிஞ்சுது. அதுக்கு மேல லோட் பண்ணி வச்சிருக்கறத சுடக்கூடாது, "ஒண்ணு மட்டும்" கிடையாது, வீட்டுக்கு கொண்டு போயி புல்லர்ங்கற கருவி வச்சு புல்லட்ட உருவி பவுடர எடுத்துடுங்க. அடையாளம் வந்த அளவுல இருந்து குறைஞ்சது ரெண்டு படி, 308ல ஒரு க்ரெய்ன், கீழ இறங்கி அதுதான் இனிமே என்னோட உச்சம்னு நோட்டுல எழுதுங்க, புத்தகம் அதுக்கு மேல காட்டினாலும் சரி. இன்னொண்ணு, சத்தம் சொத்தையா கேட்டுச்சு, உதை வரல, "பொப்"னு மட்டும் வந்துச்சுன்னா கைய எடுங்க, போல்ட்ட கழட்டி பேரல் வழியா வெளிச்சம் தெரியுதான்னு பாருங்க. புல்லட் உள்ளயே மாட்டி நின்னா அடுத்த ரவை பேரல கிழிச்சுடும்.

நான் வாங்குன அடி

2009ல ஜூலை மாசம், அங்க அது குளிர்காலம், ரேஞ்சுல எட்டு டிகிரி, கை விறைச்சுக்கிட்டு ஒரு பால் பவுடர வச்சு ஏணி கட்டினேன். பால்னா இது உருண்டை உருண்டையா இருக்கற பவுடர், நம்ம மரத்துப் பால் இல்ல. மேக்ஸுக்கு கால் க்ரெய்ன் கீழ போயி நின்னேன், போல்ட் வெண்ணெய் மாதிரி, ப்ரைமர் நல்லா இருக்கு, அம்பது ரவை லோட் பண்ணி வச்சுட்டேன். நோட்டுல எல்லாம் எழுதினேன், வெயில் எவ்ளோன்னு மட்டும் எழுதல.

ஜனவரில அதே ரவை. 38 டிகிரி, டப்பா கார் டேஷ்போர்டு மேல வெயில்ல கெடந்துச்சு, ரைபிள் பேரல தொட்டா சுடுது. மூணாவது ரவை சுட்டேன், போல்ட் தூக்க வரல. கையால இழுத்து பாத்தேன், வரல. கடைசில உள்ளங்கையால கீழ இருந்து மேல அடிச்சுதான் திறந்துச்சு. கேஸ் வெளிய வந்தா அடில பளபளன்னு வட்டம், ப்ரைமர் கழண்டு தனியா விழுது. அன்னைக்கு ஒண்ணும் ஆகல, ஆனா நான் பெஞ்சுல உக்காந்து ஒரு பத்து நிமிஷம் எதையும் தொடல. மிச்சம் 47 ரவையும் அன்னைக்கு ராத்திரியே உருவினேன்.

பவுடருக்கு வெயில் புடிக்கும். சூடு ஏறினா வேகமா எரியும், சில பவுடர் ரொம்பவே ஆடும், ஏஆர் 2208 மாதிரி சிலத அந்த ஆட்டம் கம்மியா இருக்கணும்னே செஞ்சிருக்கான், கம்மிதான், இல்லவே இல்லன்னு சொல்ல முடியாது. அதனால எந்த வெயில்ல சுடப் போறீங்களோ அந்த வெயில்ல ஏணி கட்டுங்க, முடியலன்னா மேல நிறைய எடம் விட்டு நில்லுங்க, ரவைய நிழல்ல ஐஸ் இல்லாத ஐஸ்பெட்டில வைங்க.

எந்த அளவ எடுக்கறது

ப்ரஷர் உச்சம் தெரிஞ்சப்புறம் ரெண்டாவது சுத்து, அதுக்குக் கீழ இருக்கற படிங்க ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு ரவை, 100 மீட்டர்ல தனித்தனி டார்கெட். மூணு ரவைல அழகா ஒரு குரூப் (குண்டெல்லாம் பக்கம் பக்கமா விழுந்த கூட்டம்) வந்துச்சுன்னு போட்டோ எடுத்து அனுப்பறது சந்தோஷத்துக்கு நல்லது, முடிவெடுக்க பத்தாது, அடுத்த மூணு வேற எங்கயாவது போகும். நான் பாக்கறது ஒரே ஒரு சின்ன குரூப்ப இல்ல, பக்கத்து பக்கத்து ரெண்டு மூணு படில குண்டு விழற இடம் மாறாம நிக்குதா, அந்த இடத்த. அங்க நடுவுல நின்னுட்டா தராசு 0.1 தப்பா காட்டினாலும் குறி மாறாது. என் ரைபிள்ல அது பல தடவை மேக்ஸுக்கு ஒரு க்ரெய்னுக்கு மேல கீழயேதான் வந்திருக்கு. நான் இருந்தப்ப விக்டோரியால கடமானுக்கு குறைஞ்சது 270 கேலிபர், 130 க்ரெய்ன் புல்லட்னு சட்டம் இருந்துச்சு, அத தாண்டினப்புறம் நீங்க 40 அடி வேகம் கூட வச்சிருக்கீங்களா இல்லையான்னு அந்த மானுக்குத் தெரியாது, குண்டு எங்க பட்டுச்சுன்னு மட்டும்தான் தெரியும்.

கேஸ் மாத்தினாலும், ப்ரைமர் மாத்தினாலும், புல்லட் மாத்தினாலும், பவுடர் டின்ல லாட் நம்பர் (எந்தத் தடவை செஞ்ச சரக்குன்னு காட்டற நம்பர்) மாறினாலும் மறுபடி கீழ இறங்கி ஏறணும். லாட் மட்டும் மாறினா நான் ஒரு மூணு படி இறங்கிட்டு வருவேன், மத்த எது மாறினாலும் ஸ்டார்ட்ல இருந்து. அடுத்தவங்க லோட் பண்ணின ரவைய சுடாதீங்க, நீங்க லோட் பண்ணினத அடுத்தவங்களுக்கு குடுக்காதீங்க, சொந்தக்காரனா இருந்தாலும்.

நோட்டுல ஒரு பக்கத்துக்கு நான் எழுதறது: தேதி, ரைபிள், கேஸ் கம்பெனி, அது எத்தனாவது தடவை லோட் ஆகுது, ப்ரைமர் லாட், பவுடர் பேரு முழுசா, லாட், புல்லட், மொத்த நீளம், ஒவ்வொரு படிக்கும் வேகம், போல்ட் எப்படி இருந்துச்சு, வெயில். போன வாரம் மருமகன் அவனோட மொத ஏணி முடிச்சிட்டு அந்தப் பக்கத்த போட்டோ எடுத்து அனுப்பினான், எட்டு படி, 43ல போல்ட் லேசா புடிச்சுதுன்னு எழுதி கீழ கோடு போட்டு நிறுத்தியிருக்கான், மேல இருந்த மூணு ரவையும் உருவி வச்ச போட்டோவும் கூடவே. எல்லாம் சரியா இருந்துச்சு, வெயில் கட்டம் மட்டும் காலி. மாமாக் கடைல இருந்தே கால் போட்டேன். பதினோரு டிகிரியாம்.